தவசிக்கீரை விறைப்பாகவே இருக்கிறது: எப்படிச் சமைப்பது, பச்சையாகக் குடிக்கலாமா?

மாடித்தோட்டக்காரி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆடி மாதம் ஒரு நாற்றுப்பண்ணையில் ‘மல்டிவைட்டமின் கீரை’ என்று சொன்னார்கள் என்பதற்காக 40 ரூபாய் கொடுத்து ஒரு செடியை வாங்கி வந்து, பழைய பெயிண்ட் வாளியில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்தேன். செடியோடு கட்டியிருந்த அட்டையில் ‘தவசி முருங்கை’ என்று எழுதியிருந்தது. விற்றவரோ வாய்க்கு வாய் ‘தவசிக்கீரை’ என்றார். இப்போது அது என் தோள் உயரத்திற்கு வளர்ந்து நிற்கிறது. மெலிந்த பச்சைத் தண்டுகள், அவற்றின் இரு பக்கமும் வரிசை பிடித்தாற்போல் முட்டை வடிவ இலைகள், சில இலைகளின் நடுவில் சாம்பலைத் தடவியது போன்ற வெளிறிய திட்டு. மாவுப்பூச்சி என் மாடியில் செம்பருத்தியையும் கத்தரியையும் ஒரு வழி செய்துவிட்டது. இதன் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சிக்கல் சமையலறையில்தான். முதல் முறை முருங்கைக்கீரையைப் போலவே உருவி, வெங்காயத்தோடு வதக்கி, தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் இலைகள் நிறம் கறுத்து, அதே தட்டையான வடிவத்தில், ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. மென்றால் ஈரக் காகிதம் போல விறைத்துக்கொண்டு நின்றதோடு, அடித்தொண்டையில் ஒரு பச்சை வாடையும் தங்கியது. என் மாமனார் சாப்பாட்டை ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிடிக்காததைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைப்பார், அவ்வளவுதான். அன்று கீரை முழுவதும் ஓரத்தில் இருந்தது. இரண்டாம் முறை பருப்போடு வேகவைத்து அரைக்கீரையைப் போலக் கடைந்து பார்த்தேன். மத்துக்கு அது மசியவே இல்லை. பருப்பு ஒரு பக்கமும் இலை ஒரு பக்கமுமாக நின்றது.

இதற்கிடையில் எதிர்வீட்டு அம்மா, தம் தங்கை மகள் இதன் பச்சை இலையை மிக்சியில் அரைத்து வடிகட்டி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் குடிப்பதாகவும், ஒரு மாதத்தில் உடம்பு இளைத்திருப்பதாகவும் சொல்கிறார். சமைக்கத்தான் வரவில்லை, குடித்தாவது தீர்த்துவிடலாமே என்று எனக்கும் தோன்றுகிறது. இந்தச் செடியின் பெயர் எது, இதைச் சமைக்கும் முறை எது, பச்சையாகக் குடிப்பது சரியா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

வேலியோரம், நாகர்கோவில்

அம்மா, எங்கள் பக்கத்தில் இது காசு கொடுத்து வாங்கும் செடியே அன்று. பக்கத்து வீட்டு வேலியிலிருந்து ஒரு கம்பை ஒடித்துவந்து நம் வேலியில் குத்தினால் முடிந்தது. மலையாளம் பேசுகிறவர்கள் வேலிச்சீரை, மதுரச்சீரை என்பார்கள். கேரளத்து வேளாண்மைக் கையேடுகளிலும் விதைக்கடைகளிலும் ‘செக்கூர்மானிஸ்’ என்ற பெயரையும் காணலாம். நாங்கள் தவசிக்கீரை என்றே சொல்லுவோம்.

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, எந்த இலையைப் பறித்தீர்கள் என்பதுதான். தோள் உயரத்திற்கு வளர்ந்திருக்கிறது என்கிறீர்களே, வாங்கியதிலிருந்து ஒருமுறையேனும் கவாத்து செய்தீர்களா? நுனியிலிருந்து ஒரு சாண் வரை உள்ள இளங்கிளைதான் கீரை. அதற்குக் கீழே இருப்பதை எங்கள் வீட்டில் ஆட்டுக்குப் போடுவோம். இளங்கிளையை ஒடிக்கும்போது ‘டக்’ என்று ஒலி எழுந்து முறிய வேண்டும். நார் விட்டுத் தொங்கினால் அது முற்றியது.

அடுத்தது அரிவது. இதை முருங்கைக்கீரை என்று நினைத்து முழு இலையாகச் சட்டியில் போடக்கூடாது. முருங்கையிலை சிறியது, மெல்லியது, சூடு பட்டதும் சுருண்டுவிடும். இதன் இலை தடித்தது, முழுதாகப் போட்டால் நீங்கள் கண்டதுபோல் தட்டையாகவே கிடக்கும். பத்துப் பதினைந்து இலைகளை அடுக்கி, வெற்றிலைச் சுருள் போல இறுக்கிச் சுருட்டி, கூர்மையான கத்தியால் நூல் நூலாக அரிய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் துவரனுக்கு, அதாவது தேங்காய் சேர்த்த பொரியலுக்கு, இதைவிட நல்ல கீரை எங்கள் ஊரில் இல்லை என்பது என் துணிபு.

துவரன் செய்வதற்கு, ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், இரண்டு பச்சை மிளகாய், இரண்டு பல் வெள்ளைப்பூண்டு, கால் கரண்டிச் சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் ஆகியவற்றை நீர் விடாமல் அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்துக்கொள்ளுங்கள். மிக்சியானால் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கடுகைப் பொரியவிட்டு, அதோடு ஒரு சிறு கரண்டிப் புழுங்கலரிசியையும் போட்டு, அரிசி வெடித்துப் பொன்னிறமானதும் அரிந்த கீரையைக் கொட்டி, உப்பிட்டுக் கிளறி, நடுவில் குழி செய்து அரைப்பை வைத்துக் கீரையால் மூடி, சட்டியையும் மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பொரிந்த அரிசி பல்லில் படும்போது கீரையின் இனிப்பு தெரியும். சக்கைக்கொட்டை கிடைக்கிற காலத்தில் அதைக் கீறி வேகவைத்து இதோடு சேர்ப்போம். பலாக்கொட்டை என்று நீங்கள் சொல்வதுதான்.

பச்சையாக அரைத்துக் குடிக்கும் பழக்கத்தை எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. கீரையைக் குடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது என்பதால் அதை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

---

பால்மரத்து நிழல், கெடா, மலேசியா

‘செக்கூர்மானிஸ்’ என்ற சொல்லை நாகர்கோவில்காரர் ஒருவர் எழுதக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒருசேர வந்தன, ஏனென்றால் அது எங்கள் நாட்டு மலாய்ப் பெயர். ‘செக்கூர் மானிஸ்’ என்பதில் மானிஸ் என்றால் இனிப்பு. செக்கூர் என்று மட்டும் சொன்னால் மலாயில் அது கச்சோலம் என்ற, இஞ்சி இனத்து வாசனைக் கிழங்கைக் குறிக்கும். கச்சோலத்துக்கும் இந்தச் செடிக்கும் உறவு எதுவும் இல்லை. சபாவில் சாயூர் மானிஸ் என்றும், சரவாக்கில் சங்குக் மானிஸ் என்றும் அழைப்பார்கள். சீனர்களின் வாயில் அந்த மானிஸ் தேய்ந்து ‘மானி சாய்’ ஆகிவிட்டது. சாய் என்றால் கீரை.

நான் பால்மரத் தோட்டத்து லயத்தில், அதாவது ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் இந்தச் செடி நிற்கும். என் தாயார் அதைப் பருப்பில் போடுவார், நெத்திலியோடு பிரட்டுவார், பிள்ளைகள் அடம்பிடிக்கும் நாளில் முட்டை உடைத்து ஊற்றுவார். ஆனால் அவர் இந்தக் கீரைக்குக் கத்தியை எடுத்து நான் பார்த்ததில்லை. நாகர்கோவில் அன்பர் மன்னிக்க வேண்டும், இந்த இலைக்குக் கத்தி வேண்டாம், கைதான் வேண்டும்.

அந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், மாடித்தோட்டக்காரி அவர்களின் சிக்கலுக்கு மருந்து இதுதான் என்று நம்புகிறேன். இலைகளை உருவிக் கழுவி, ஓட்டைக் கூடையில் போட்டு, அரைக் கரண்டி உப்பைத் தூவி, துணி துவைப்பது போல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கசக்க வேண்டும். தொடக்கத்தில் இலைகள் கைக்கு அடங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு நிமிடம் ஆனதும் ஒலி மாறும். மொறமொறப்பு அடங்கி ‘சளக் சளக்’ என்று கேட்கும். விரலிடுக்கில் கரும்பச்சை நுரை கசியும். கூடை நிறைய இருந்த கீரை அப்போது ஒரு பிடியாக வற்றியிருக்கும். இலை கிழிந்து கந்தலாகும்வரை போகாமல், நரம்பு தளர்ந்து துவண்டதும் நிறுத்திவிட்டு, இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுத்தால், நீங்கள் சொன்ன விறைப்பும் பச்சை வாடையும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

அதன்பின் செய்ய வேண்டியது அதிகமில்லை. குவாலியில், அதாவது வாணலியில், எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டும் சின்ன வெங்காயமும் சிவந்ததும், கழுவிக் காயவைத்து ஒன்றிரண்டாக இடித்த நெத்திலிக் கருவாட்டைப் போட்டு மணம் வரும்வரை வறுத்து, கீரையைச் சேர்த்துப் பெருந்தீயில் நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள். பிறகு கீரையை ஓரம் தள்ளி, நடுவில் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றி, பாதி இறுகியதும் கீரையோடு சேர்த்துக் கலக்குங்கள். கருவாட்டில் உப்பு இருப்பதால் கடைசியில் சுவைத்துப் பார்த்துவிட்டு உப்பிடுவது நல்லது. சைவ வீடானால் கருவாட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை இடித்துப் போடலாம். இந்தக் கீரையிலேயே வேர்க்கடலையின் மணம் லேசாக உண்டு, ஆகவே பொருந்திப்போகும்.

மலாய்க்காரர் வீடுகளில் இதைத் தேங்காய்ப்பாலில் ‘மாசாக் லெமாக்’ என்று செய்வார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ பூசணியையோ துண்டுபோட்டு, காய்ந்த இறாலும் வெங்காயமும் காந்தாரி மிளகாயும் சேர்த்து இரண்டாம் பாலில் வேகவைத்து, கிழங்கு வெந்ததும் கசக்கிய கீரையைப் போட்டு, இறக்கும் தறுவாயில் முதல் பாலை ஊற்றுவார்கள். முதல் பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பது சொதி வைக்கிற கைகளுக்குத் தெரிந்ததுதான். சீனர் கடைகளில் கோதுமை மாவைக் கையால் பிய்த்துப் போடும் ‘பான் மீ’ என்ற சூப்பில் மானி சாய் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த வியட்நாமியத் தோழியர் இதை ‘ராவ் ங்கோத்’ என்பார்கள். அரைத்த பன்றியிறைச்சியோ இறாலோ போட்டுத் தெளிவான சூப் வைப்பார்கள். அவர்களும் கீரையைக் கையால் கசக்கிவிட்டுத்தான் பானையில் போட்டார்கள். இரண்டு நாட்டு அடுக்களைகளில் ஒரே பழக்கம் இருக்கிறது என்றால் அதில் பொருள் இல்லாமல் போகாது.

---

இலைக்காம்பு, கோயம்புத்தூர்

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சமையலில் முந்தைய இருவருக்கும் நான் மாணவன்தான். எனினும் பெயரைப் பற்றியும், குறிப்பாக அந்தப் பச்சைச்சாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் பெயர். தவசு முருங்கை என்று சித்த மருத்துவத்தில் வழங்குவது ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சிறு செடி. அதன் தாவரப்பெயர் ஜஸ்டிசியா டிராங்க்பாரியென்சிஸ். டிராங்க்பார் என்பது நம் தரங்கம்பாடிதான். சளிக்கும் இருமலுக்கும் அதன் சாற்றைக் கொடுப்பதுண்டு. பெயர்கள் ஒலியில் நெருங்கியிருப்பதால் நாற்றுப்பண்ணைகளில் அட்டைகள் மாறிவிடுகின்றன, ஒன்றின் மருத்துவக் குணங்கள் மற்றதன் தலையில் ஏற்றப்படுகின்றன. சாறு குடிக்கும் பழக்கத்துக்குக்கூட இந்தக் குழப்பம் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தவசு முருங்கையில் இலைகள் கணுவுக்கு இரண்டாக, ஒன்றுக்கு ஒன்று எதிராக அமைந்திருக்கும். தவசிக்கீரையில் கணுவுக்கு ஓர் இலையே. அடுத்த இலை அடுத்த கணுவில், மறுபக்கத்தில் இருக்கும். உங்கள் செடியின் கிளை ஒன்றை மெல்லத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கீழாநெல்லியில் இலைக்கு அடியில் காய்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதேபோல் இங்கும் இலைக்கு அடியில் சிறு பூக்கள் இருக்கும். ஆண்பூ நாணயம் போன்ற தட்டையான வட்டு. காய் வெண்மையாக, சிவந்த புல்லிவட்டத்தின் கீழ் தொங்கும். தோடு ஒன்றைக் கழற்றி மாட்டியதுபோல் இருக்கும். இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று, இதுவும் கீழாநெல்லியும் நெல்லிக்காய் மரமும் ஒரே குடும்பம். நெடுநாள் இதைச் சாவ்ரோபஸ் ஆண்ட்ரோகைனஸ் என்று எழுதிவந்தோம். இப்போது பிரேனியா ஆண்ட்ரோகைனா என்று மாற்றியிருக்கிறார்கள். சாவ்ரோபஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் பல்லியின் கால் என்று பொருள், ஆண்ட்ரோகைனஸ் என்பது ஆணும் பெண்ணும் ஓருடலில் இருப்பதைக் குறிக்கும். ஒரே செடியில் இருவகைப் பூக்களும் இருப்பதால் வந்த பெயர்.

இனி சாறு. இதைப் படிக்கிறவர்கள் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1994, 1995 ஆண்டுகளில் தைவானில் இந்தக் கீரை எடையைக் குறைக்கும் என்ற பேச்சு பரவி, பெண்கள் பலர் இதன் பச்சை இலையைக் கொய்யாச் சாற்றோடோ அன்னாசிச் சாற்றோடோ அரைத்து நாள்தோறும் குடிக்கத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் இலை என்ற அளவில் வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. மாடிப்படி ஏற முடியாமல் மருத்துவமனைக்கு வந்தவர்களைச் சோதித்தபோது, நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டிருப்பது தெரியவந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சாற்றை நிறுத்திய பின்னும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியதாயிற்று. இலையிலுள்ள பாப்பவெரின் என்ற பொருளின்மீது ஐயம் எழுந்தாலும், அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை.

கெடா அன்பரின் தாயாரும் நாகர்கோவில்காரரின் வீட்டாரும் தலைமுறையாக உண்டுவந்த அதே கீரைதான் இது. வேறுபாடு எங்கே என்று பாருங்கள். அவர்கள் வேகவைத்தார்கள், கெடாவிலோ கசக்கி, அலசி, பிழிந்த நீரையும் கொட்டினார்கள், குடும்பத்துக்கு ஒரு கட்டுக் கீரை என்று வாரத்தில் ஓரிரு நாள் உண்டார்கள். நான்கு பேருக்கான கூட்டில் 200 கிராம் இலை போட்டால் ஒருவர் பங்குக்கு 50 கிராம்தான் வரும். சாறு குடிக்கிறவரோ அதைப்போல் மூன்று மடங்கைப் பச்சையாக, வெறும் வயிற்றில், நாள் தவறாமல் உள்ளே தள்ளுகிறார். இதைப் பொடியாக்கி மாத்திரையாக விற்பதையும் நான் அந்தச் சாற்றோடு சேர்த்தே வைப்பேன், ஏனென்றால் எத்தனை கைப்பிடி இலையை விழுங்குகிறோம் என்பது மாத்திரையில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கீரையாகப் பார்த்தால் இது உயர்ந்த பண்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100 கிராம் இலையில் ஏறத்தாழ 5 முதல் 7 கிராம் வரை புரதம் இருக்கிறது, பல கீரைகளில் அதில் பாதிதான். வாயில் பருப்பின் சுவையும் லேசாகத் தட்டுகிறது. ‘மல்டிவைட்டமின்’ என்ற வணிகப் பெயர் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. பெயரைக் கேட்டவுடன் மருந்தென்று நினைத்து மருந்தைப் போலவே உட்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள்.

---

மாடித்தோட்டக்காரி, திருச்சி

மூவருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்ததும் செய்த முதல் வேலை, கைபேசியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனதுதான். அந்த அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே தங்கை மகளை அழைத்துப் பேசினார். அந்தப் பெண் ஐந்து வாரமாகக் குடித்துவந்திருக்கிறார், மறுநாளே நிறுத்திவிட்டார். மூச்சில் ஒரு குறையும் இல்லை என்கிறார். இருந்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடும்படி வற்புறுத்தியிருக்கிறோம். ஐயா, மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கிளையைத் திருப்பியும் பார்த்தேன். நீங்கள் சொன்ன தோடு மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு மாதம் தினமும் தண்ணீர் ஊற்றியவள் நான், ஒருநாளும் அவற்றைக் கண்டதில்லை.

கவாத்து செய்யவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இம்முறை நுனிக்கிளைகளைத் தனியாகவும் அடியிலைகளைத் தனியாகவும் பறித்து, இரண்டையும் பாதிப் பாதியாகப் பிரித்து, கத்தி முறையையும் கசக்கும் முறையையும் ஒரே நாளில் சோதித்தேன். இளந்தளிரை நூலாக அரிந்து அரிசி பொரித்துச் செய்த துவரன் அருமையாக வந்தது. அதே தளிரைக் கசக்கியபோது கூழாகிவிட்டது. அடியிலையை எவ்வளவு பொடியாக அரிந்தும் துவரனில் நறநறவென்று நின்றது. கசக்கி, அலசி, முட்டையோடு புரட்டியபோதோ அது முற்றிய இலை என்றே தெரியவில்லை. எனவே இருவருமே சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், வேறு வேறு இலைகளைப் பற்றி! கசக்கும்போது அந்தச் ‘சளக்’ ஒலி கேட்கிறதா என்று காதைக் கொண்டுபோய்க் கூடையில் வைத்ததை என் மகன் படமெடுத்து வைத்திருக்கிறான். மாமனார் தட்டின் ஓரம் அன்று சுத்தமாக இருந்தது.

---

வேலியோரம், நாகர்கோவில்

அடியிலையை ஆட்டுக்குப் போட்டே பழகிவிட்டதால் அதற்கொரு முறை இருக்கும் என்று நான் எண்ணவில்லை. நேற்று கெடாக்காரர் சொன்னபடி கசக்கி, சிறுபருப்பில் போட்டு, நல்லமிளகும் தேங்காயும் அரைத்துவிட்டேன். நன்றாகவே இருந்தது. ஆட்டுக்குத்தான் வருத்தம்.

---

புதுமனை, தஞ்சாவூர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம் ஆகிறது. இந்தக் கீரை தாய்ப்பாலைப் பெருக்கும் என்று ஒருவர் சொன்னதால் தேடிக்கொண்டிருந்தேன், இப்போது படித்ததும் பயமாக இருக்கிறது. சமைத்துக் கொடுக்கலாமா?

---

பால்மரத்து நிழல், கெடா, மலேசியா

சகோதரி, இந்தோனேசியாவில் இதைக் ‘காத்துக்’ என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சோளத்தோடு தெளிந்த சூப்பாகச் சமைத்துக் கொடுப்பது அங்கே வழிவழியாக வந்த பழக்கம். எங்கள் பக்கத்திலும் அந்த நம்பிக்கை உண்டு. என் மனைவிக்கு என் தாயார் பருப்பில் போட்டு வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தார், அதற்கு மேல் கொடுக்கவில்லை. சாறு, பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். நாள்தோறும் கொடுக்க நினைத்தால் மகளைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

இலைக்காம்பு, கோயம்புத்தூர்

கெடா அன்பர் சொன்னதே என் கருத்தும்.

திருச்சி அம்மாவுக்கு: அந்தப் பெண் மருத்துவரிடம் ‘கீரைச்சாறு குடித்தேன்’ என்று பொதுவாகச் சொன்னால், நல்ல பழக்கம்தானே என்று அனுப்பிவிடக்கூடும். தாவரப்பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை கைப்பிடி, பச்சையாகவா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். வறட்டு இருமலோ, படியேறும்போது முன்பில்லாத இளைப்போ பின்னர் தோன்றினால் மறுபடியும் அதே தாளோடு நுரையீரல் மருத்துவரிடம் போக வேண்டும். ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

---

மாடித்தோட்டக்காரி, திருச்சி

அப்படியே எழுதிக் கொடுக்கிறேன், ஐயா. கடைசியாக ஒன்று: செடியை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது? வெட்டிய கம்புகளை எதிர்வீட்டுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், சமைப்பதற்காக.

---

வேலியோரம், நாகர்கோவில்

இடுப்பு உயரத்துக்குக் கீழே, மண்ணிலிருந்து இரண்டரை அடியில், சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து நான்கைந்து கிளைகள் அடிக்கும். பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை நுனிகளை ஒடித்துக்கொண்டே இருந்தால் முற்றிய இலைக்கு வேலையே இராது. உச்சிவெயில் நேராக விழாத இடமாக இருந்தால் இலை இன்னும் மென்மையாக வரும். மாடியில் பாகற்பந்தலின் நிழல் போதும்.

நடுவதற்குப் பென்சில் பருமனுள்ள, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கம்பாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்களோடு நறுக்குங்கள். இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். தலைகீழாக ஊன்றிவிடாமல் இருக்க, வெட்டும்போதே அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மூன்று வாரத்தில் துளிர் தெரியும். அதற்குள் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம் என்று எதிர்வீட்டம்மாவிடம் சொல்லிக் கொடுங்கள்.